முட்டுக்கட்டை வேறு, முட்டுநிலை வேறு

கொரியப் போர்நிறுத்தப் பேச்சுவார்த்தை பற்றித் தான் மொழிபெயர்த்த கட்டுரையைத் திருத்தித் தரச் சொல்லி, மட்டக்களப்பில் படிக்கிற தம்பி ஒருவர் அனுப்பியிருந்தார். ஆங்கிலத்தில் டெட்லாக் என்று வந்த இடமெல்லாம் முட்டுக்கட்டை, ‘முட்டுக்கட்டையை உடைக்கும் தந்திரம்’ என்று ஒரு தலைப்பு வேறு. அவரைக் குறை சொல்ல முடியாது, பத்திரிகைகளில் காலங்காலமாக அப்படித்தான் வருகிறது. ஆனாலும் இது பிழையான சொல், வாசிக்கிறவரை வேறு பாதையில் கொண்டுபோய் விடுகிற சொல்.

முட்டுக்கட்டை என்பது சில்லு உருளாமல் இருக்க அடியில் கொடுக்கிற கட்டை. தேர்த்திருவிழாவில் வடம் பிடிக்கிற கூட்டத்தைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள், சில்லோடு சில்லாகக் குனிந்தபடி கட்டையும் கையுமாகப் போகிறவரை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் தேர் எங்கே நிற்க வேண்டும் என்பது அவர் கையில்தான் இருக்கிறது. அதாவது முட்டுக்கட்டை தானாக வராது, ஒருவர் கொண்டுவந்து போட வேண்டும். அதனால்தான் ‘பேச்சில் முட்டுக்கட்டை’ என்று வாசித்த உடனே ‘யார் போட்டது?’ என்று மனம் ஆளைத் தேடத் தொடங்கிவிடுகிறது.

டெட்லாக்கில் அப்படி ஒரு ஆள் இல்லை. அந்தச் சொல் எழுத்தில் கிடைக்கிற ஆகப் பழைய இடங்களில் ஒன்று, 1779இல் லண்டனில் மேடையேறிய ஒரு நையாண்டி நாடகம். ஒருவனைக் குத்த இரண்டு பெண்கள் கட்டாரியை ஓங்குகிறார்கள். அவர்களுடைய மாமன்மார் இருவரும் பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு தங்கள் வாளை அவன் பக்கம் நீட்டுகிறார்கள், அவனோ இரண்டு கட்டாரியை எடுத்துப் பெண்களின் நெஞ்சுக்கு நேரே வைக்கிறான். இனி யாரும் அசைய முடியாது, முதலில் விடுகிறவருக்குத்தான் ஆபத்து. அந்த நிலையைத்தான் அங்கே டெட்லாக் என்கிறார்கள். மறுகா என்ன நடக்கிறது என்றால், ஒரு காவலாளி உள்ளே வந்து, ராணியின் பெயரால் எல்லாரும் ஆயுதத்தைக் கீழே போடுங்கள் என்கிறான், எல்லாரும் ஒன்றாகப் போட்டுவிடுகிறார்கள். சிரிப்புக்கு எழுதிய காட்சிதான், ஆனால் போர்நிறுத்தப் பேச்சு நடத்துகிறவர்களின் வேலை முழுவதும் அதற்குள் இருக்கிறது.

நமக்கு இதை விளங்கிக்கொள்ள லண்டன் வரைக்கும் போகத் தேவையில்லை. கண்ணகி அம்மன் கோயில்களில் கொம்புமுறி பார்த்தவர்களுக்குத் தெரியும். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றுக்குள் ஒன்று கொளுவி, வடசேரி ஒரு பக்கம், தென்சேரி மறுபக்கம் நின்று வடத்தை இழுப்பார்கள். கொம்புகள் மாட்டிக்கொண்டு நிற்கிற அந்த நேரம்தான் டெட்லாக். ஆனால் கொம்புமுறி முடிவதற்கு ஒரு கொம்பு முறிந்தே ஆக வேண்டும், முறிந்தால் ஒரு சேரி தோற்றதாகிவிடும். பேச்சு மேசையில் தன் கொம்பு முறியட்டும் என்று எவன் வந்து உட்காருவான்? ஆங்கிலக்காரன் உடைப்பது என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், தமிழில் உடைத்தல், முறித்தல் என்றெல்லாம் எழுதினால் தோல்வி வாடை வந்துவிடும். மாட்டைப் பூட்டு, மாட்டை அவிழ் என்று சொல்கிறோமே, அந்த அவிழ்த்தல்தான் இங்கே சரி.

இழுபறி என்று எழுதலாமா என்று தம்பி கேட்டார். இழுபறியில் இன்னும் அசைவு இருக்கிறது, கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். தேக்கம் என்றால் அசைவில்லை, ஆனால் எதிரெதிரே தள்ளுகிற விசையும் இல்லாமல் போய்விடுகிறது. என் தெரிவு முட்டுநிலை. கிடாய் இரண்டு முட்டுகிற முட்டும் அதில் இருக்கிறது, மேலே போக முடியாத தடங்கலும் இருக்கிறது, பழி யார் தலையிலும் விழவில்லை.

இனிக் கொரியா. 1951 ஜூலை 10இல் கேசொங்கில் பேச்சு தொடங்கி, அந்த வருடமே பன்முன்ஜொமுக்கு இடம் மாறியது. நவம்பரில் எல்லைக்கோடு பற்றி ஓரளவுக்கு ஒத்துப்போனார்கள். மறுகா கைதிகள் விடயத்தில் போய் முட்டினார்கள். எல்லாக் கைதிகளையும் திருப்பித் தா என்று வட கொரியாவும் சீனாவும், போக விரும்பாதவனைக் கட்டாயப்படுத்தி அனுப்ப மாட்டோம் என்று, தென் கொரியாவின் பக்கம் நின்று சண்டை பிடித்த ஐ.நா. தரப்பும். முதலில் விடுகிறவருக்கு மானம் போய்விடும். அங்கே பேச்சு, வெளியே சண்டை, இரண்டும் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தன.

1952 ஏப்ரல் 28இல் ஐ.நா. தரப்புத் தலைவர் அட்மிரல் டர்னர் ஜோய் ஒரு தந்திரம் செய்தார். தம்பி அதைத் ‘தொகுப்பு முன்மொழிவு’ என்று மொழிபெயர்த்திருந்தார், பிழையில்லை, ஆனால் உயிரில்லை. நம்முடைய மீன் சந்தையில் இதற்குப் பெயர் கூறு. இரண்டு நல்ல திரளியோடு நாலு கெளுத்தியும் சேர்த்துக் குவித்து வைத்திருப்பார்கள், திரளியை மட்டும் தாங்க என்று கேட்டால், “கூறாத்தான் எடுக்கணும் தம்பி” என்று பதில் வரும். ஜோய் கட்டிய கூறும் அதுதான்: விமானத் தளங்களைத் திருத்தக் கூடாது என்ற பிடியை நாங்கள் விடுகிறோம், போர்நிறுத்தத்தை மேற்பார்க்கிற நாடுகளில் சோவியத் ஒன்றியம் வேண்டாம், கைதிகள் விடயத்தில் எங்கள் சொல்லை ஏற்றுக்கொள்ளுங்கள். சுவீடன், சுவிற்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா என்று நாலு நாடு போதும் என்றானது, சோவியத்தோடு சேர்ந்து நோர்வேயும் கழன்றது. (2002இல் இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் நடுவில் வந்த அதே நோர்வேதான்.) எதிர்த்தரப்பு கூறைப் பிரித்தது, இரண்டை எடுத்துக்கொண்டு மூன்றாவதை அப்படியே வைத்துவிட்டது. மிச்சம் கைதிகள் மட்டும்.

அதை அவிழ்த்தது மூன்றாவது கை. 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்துபோனது ஒரு காரணம், அது இல்லாமல் கதை நகர்ந்திருக்காது. ஏப்ரலில் முதலில் நோயாளி, காயக்காரக் கைதிகளை மட்டும் இரு தரப்பும் மாற்றிக்கொண்டன. அப்புறம் ஜூன் 8இல், திரும்ப விரும்பாத கைதிகளை இந்தியா தலைமை தாங்கும் நடுநிலை ஆணைக்குழுவின் பொறுப்பில் விடுவது என்று முடிவு. இவர்கள் எதிரியிடம் விட்டுக்கொடுக்கவில்லை, அவர்களும் எதிரியிடம் விட்டுக்கொடுக்கவில்லை, இரண்டு பேரும் இந்தியாவிடம் கொடுத்தார்கள்.

படுவான்கரையில் எங்கள் மாமாவின் வயலில் இதே கதையைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேல்வயல்காரர் தண்ணீர் விடாமல் மறித்துவிட்டார், மாமா அவருடைய வடிச்சலை மண்போட்டு அடைத்துவிட்டார். ஒருவருக்குப் பயிர் காய்கிறது, மற்றவருக்கு அழுகுகிறது, அவன் முதலில் வெட்டட்டும் என்று இரண்டு பேரும் வீம்பு. வயல் தண்ணீர் விடயங்களைப் பார்க்கிற வட்டவிதானையார் வந்து நியாயம் ஒன்றும் கேட்கவில்லை. மாமாவின் மண்வெட்டியை மேல்வயல்காரரிடமும் மேல்வயல்காரருடையதை மாமாவிடமும் கொடுத்து, “நான் வரம்பில நிண்டு கைதட்டுறன், ஆளுக்கொரு பக்கம் ஒண்டா வெட்டுங்க” என்றார். வெட்டினார்கள். மண்வெட்டிகளை மட்டும் ஒரு கிழமைக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை, அது வேறு கதை.

ஆர்மிஸ்டிஸ் என்ற சொல்லையும் பார்த்துவிடுவோம். லத்தீனில் ஆயுதம் என்பதும் நிற்றல் என்பதும் சேர்ந்தது. ஆயுதம் நிற்கிறது, அவ்வளவுதான், பகை தீர்ந்தது என்று அதில் எங்கும் இல்லை. களத்தில் சூடு நிற்பதைச் சண்டை நிறுத்தம் என்றும், எழுதிக் கையெழுத்து வைப்பதைப் போர்நிறுத்த உடன்படிக்கை என்றும் பிரித்து எழுதினால் குழப்பம் வராது. 2002 பெப்ரவரியில் இங்கே உடன்படிக்கை வந்தபோது, மட்டக்களப்பில் வலையிறவுப் பாலம் தாண்டிப் போய்வந்த சனமெல்லாம் “சமாதானம் வந்திட்டு” என்றுதான் சொன்னது. வந்தது போர்நிறுத்தம், 2008 ஜனவரியில் அதுவும் போனது. கொரியாவில் 1953 ஜூலை 27இல் வைத்த கையெழுத்துக்குப் பிறகு சமாதான ஒப்பந்தம் என்று ஒன்று இன்றுவரை இல்லை.

தம்பியின் கட்டுரையில் எல்லா இடத்திலும் முட்டுநிலை என்று மாற்றிக் கொடுத்தேன், ஒரே ஒரு இடம் தவிர. 1953 ஜூன் 18ஆம் தேதி, எல்லாம் முடிந்து கையெழுத்து மட்டும் பாக்கி என்றிருந்த நேரத்தில், தென் கொரிய ஜனாதிபதி சிங்மன் ரீ யாரிடமும் கேட்காமல் 27,000 வரையான கைதிகளை முகாம்களிலிருந்து திறந்துவிட்டார். அங்கே மட்டும் முட்டுக்கட்டை என்றே விட்டுவிட்டேன், போட்ட கை யாருடையது என்று தெரிகிறதே.