ரேஷன் கடைப் பணம் வேறு, சேத நிவாரணம் வேறு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்தால் போதும், ஒரே மாதிரி மனுக்கள் வரிசை கட்டி வரும். மாடு செத்தது, புதைத்தாயிற்று, சான்று இல்லை. சுவர் விழுந்தது, மண்ணை அள்ளிக் கொட்டியாயிற்று, போட்டோ இல்லை. அன்றைக்கே வி.ஏ.ஓ.விடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் பதிலும் ஒரே மாதிரிதான்: "அதான் ரேஷன் கடையில எல்லாருக்கும் பணம் குடுத்துட்டாங்களே சார்." கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ரேஷன் கடையில் கொடுத்தது வேறு. உங்கள் வீடு, மாடு, பயிர், உயிர் இவற்றுக்கான நிவாரணம் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் டோக்கன் கொடுத்து 6,000 ரூபாய் வழங்கினார்கள். 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் 2,000 ரூபாய். இவை குடும்ப அட்டையை வைத்து, வெள்ளம் சூழ்ந்து பிழைப்பு கெட்டதற்காகக் கொடுத்த வாழ்வாதார உதவி. உங்கள் சுவர் நின்றதா விழுந்ததா என்று அங்கே யாரும் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. சேத நிவாரணமோ வருவாய்த் துறைக் கணக்கெடுப்பு வழியாக வருவது. வி.ஏ.ஓ. நேரில் பார்த்து எழுத வேண்டும், வருவாய் ஆய்வாளர் சரிபார்க்க வேண்டும், தாசில்தார் ஒப்புதல் தர வேண்டும். அந்தப் பட்டியலில் பெயர் ஏறாவிட்டால் ரேஷன் கடையில் எத்தனை முறை கைரேகை வைத்தாலும் பைசா வராது. அதேபோல, ரேஷன் கடையில் பணம் வாங்கிவிட்டால் வீட்டுச் சேதத்துக்குக் கேட்கக் கூடாது என்பதும் சுத்தப் பொய். வாங்கியவரும் கேட்கலாம். டோக்கனே வராதவரும் கேட்கலாம். "ஒண்ணு வாங்கினா இன்னொண்ணு கட்" என்று டீக்கடையில் யாரோ சொன்னதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

தொகை எவ்வளவு என்பதிலும் குழப்பம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு ஒன்றிய அரசு வகுத்த 2022-26 விதிமுறையில், சமவெளியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000. குறைந்தது 15 சதவீதம் சேதமான கல்வீட்டுக்கு 6,500, கச்சா வீட்டுக்கு, அதாவது மண்சுவர் போன்ற உறுதியில்லாத வீட்டுக்கு 4,000. சேதமான அல்லது அழிந்த குடிசைக்கு 8,000. இதற்கு மேல் மாநில அரசு அவ்வப்போது கூட்டித் தரும். ஃபெஞ்சலின்போது குடிசைக்கு 10,000 என்று அறிவித்தார்கள். வீட்டோடு சேர்ந்த மாட்டுக் கொட்டகைக்கு 3,000 உண்டு, அதைக் கேட்பவர் அபூர்வம். வீடு அடித்துச் செல்லப்பட்டாலோ, முழுவதும் இடிந்தாலோ, இரண்டு நாளுக்கு மேல் கடுமையாக மூழ்கிக் கிடந்தாலோ துணிமணிக்கு 2,500, பாத்திரம் பண்டத்துக்கு 2,500 என்று அதே விதிமுறையில் இருக்கிறது. அதையும் கேட்பாரில்லை.

முழுச் சேதத்துக்கும் பகுதிச் சேதத்துக்கும் நடுவில் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். வி.ஏ.ஓ. வந்து நிற்கும் நேரத்தில் உங்கள் வீடு எப்படித் தெரிகிறது என்பதை வைத்துத்தான் எந்த வகை என்று எழுதுவார். இரண்டு மூன்று கிராமங்களைச் சேர்த்துப் பார்க்கும் வி.ஏ.ஓ. உங்கள் தெருவுக்கு வர நான்கைந்து நாள் ஆகலாம். அதற்குள் மருமகன் வந்து செங்கல்லை அடுக்கி, தகரம் போட்டு, சுண்ணாம்பும் அடித்து வைத்தால் அவர் எதைப் பார்த்து எழுதுவார்? ஆபத்தாகத் தொங்கும் சுவரை இடித்துத்தான் ஆக வேண்டும், இடியுங்கள். ஆனால் இடிப்பதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். ஜிபிஎஸ் மேப் கேமரா செயலியில் எடுத்தால் இடம், தேதி, நேரம் படத்திலேயே பதிந்துவிடும். அதிகாரிகளும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தெருவோடு சேர்த்து முழு வீடு ஒன்று, கதவு எண் தெரிய ஒன்று, நான்கு பக்கச் சுவரும் தனித்தனியாக, உள்ளே கூரை ஒன்று. சுவரில் தண்ணீர் நின்ற சேற்றுக் கோடு இருக்குமே, அதன் பக்கத்தில் ஒரு ஆளை நிற்க வைத்து எடுங்கள். மூழ்கியதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. எல்லாரும் முதல் வேலையாகக் கழுவிவிடுவதும் அதைத்தான்.

மாடு விஷயத்தில் கொஞ்சம் கடிந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அதே 2022-26 விதிமுறையில் பசு, எருமைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. கறவை மாடு மூன்று, ஆடு முப்பது வரைதான் கணக்கு. கோழிக்குக் குடும்பத்துக்கு 10,000 ரூபாய் உச்சவரம்பு. சந்தையில் உங்கள் மாடு எவ்வளவு விலை போனாலும் தொகை இதுதான். இது நிவாரணம், நஷ்ட ஈடு அல்ல. இதற்கு அரசு கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்து தரும் சான்று வேண்டும். நாற்றம் வந்துவிடும் என்று காலையிலேயே புதைத்துவிட்டு மாலையில் மருந்தகத்துக்குப் போனால், பார்க்காத மாட்டுக்கு அவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? முதலில் மருத்துவருக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் போன். காதுவில்லை எண் தெரியும்படி ஒரு போட்டோ. வெள்ளத்தில் சாலை துண்டிக்கப்பட்டு மருத்துவர் வரவே முடியவில்லை என்றால், ஊராட்சித் தலைவரையும் பக்கத்து வீட்டார் இருவரையும் வைத்து எழுதிக் கையெழுத்து வாங்கி, படமும் எடுத்துக்கொண்டு புதையுங்கள். இது சான்றுக்கு ஈடாகாது. ஆனால் வெறுங்கையோடு நிற்பதைவிட மேல்.

பயிருக்கு 33 சதவீதத்துக்கு மேல் சேதம் இருக்க வேண்டும். பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 6,880 ரூபாய். மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. விதிமுறைப்படி இரண்டு ஹெக்டேர் வரைதான். அந்தப் பசலியில் (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டில்) உங்கள் நிலத்தின் சர்வே எண்ணுக்கு அடங்கலில், அதாவது வி.ஏ.ஓ.வின் பயிர்ப் பதிவேட்டில், பயிர் ஏறியிருக்கிறதா என்பதை மழைக்கு முன்பே பார்த்து வைப்பது நல்லது. குத்தகைக்குப் பயிர் செய்பவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். சிட்டா, அதாவது நில உரிமைப் பதிவு, யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்குக்குப் பணம் போய்ச் சேர்ந்த பிறகு சண்டை போட்டுப் பயனில்லை. கணக்கெடுப்பின்போதே சாகுபடி செய்பவர் நீங்கள்தான் என்று எழுத வையுங்கள். பயிர்க் காப்பீடு தனிச் சங்கதி. அது காப்பீட்டு நிறுவனம் தருவது, இதோடு முட்டிக்கொள்ளாது.

இழப்பிலேயே பெரியது உயிர். இதைத் தயவாகவே கேட்டுக்கொள்கிறேன். சுவர் இடிந்தோ, வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டோ ஒருவர் இறந்தால், உடலை அறுக்கக் கூடாது என்று காவல் நிலையத்தில் கெஞ்சி வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். விதிமுறைப்படி 4 லட்சம். மிக்ஜாம், ஃபெஞ்சல் இரண்டிலும் மாநில அரசு 5 லட்சம் அறிவித்தது. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இவை நான்கும்தான் அந்தக் கோப்பின் கால்கள். மற்ற மூன்றைத் தாமதமாகவாவது வாங்கிவிடலாம். எரித்த உடலுக்குப் பிரேதப் பரிசோதனை செய்ய எந்த நீதிமன்றமும் உத்தரவிட முடியாது. துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இது தோன்றாது. கூட நிற்கும் படித்த உறவினர்தான் சொல்ல வேண்டும்.

கணக்கெடுக்க யாரும் வரவில்லை என்றால் 1077-க்கு அழையுங்கள், அது மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை. கூடவே ஒரு பக்க மனு. கண்ணீர்க் கதை வேண்டாம். பெயர், கதவு எண், சர்வே எண், சேதம் நடந்த தேதி, நேரம், என்ன விழுந்தது, எத்தனை அடி, இதுவரை யார் வந்து பார்த்தார்கள் என்று இருந்தால் போதும். ஆதார், குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது அல்லது மின் கட்டண ரசீது, பாஸ்புக் முதல் பக்கம், போட்டோக்கள் இணைப்பு. அசலைக் கொடுக்காதீர்கள். தாசில்தார் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், அல்லது திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். ஆவணங்கள் நனைந்து போயிருந்தால், பெருவெள்ளத்துக்குப் பிறகு கட்டணமின்றி நகல் தரச் சிறப்பு முகாம்கள் நடத்துவது வழக்கம், அறிவிப்பைக் கவனியுங்கள். விண்ணப்பப் படிவம் என்று ஜெராக்ஸ் கடையில் 50 ரூபாய்க்கு விற்கும் காகிதத்தை வாங்காதீர்கள். "பணம் ஏறணும், ஓடிபி சொல்லுங்க" என்று வரும் போனைத் துண்டியுங்கள். பட்டியலில் பெயர் சேர்க்கக் கமிஷன் கேட்பவர் யாராக இருந்தாலும் லஞ்ச ஒழிப்புத் துறைக்குச் சொல்லலாம்.

பட்டியலில் ஏறிய பிறகும் பணம் வராமல் நிற்பது வங்கிக் கணக்கால்தான். இரண்டு வருடம் வரவு செலவே இல்லாத கணக்கு செயல்படாக் கணக்காகிவிடும். கேஒய்சி புதுப்பிக்காவிட்டாலும் சிக்கல்தான். பாஸ்புக்கில் ஒரு பெயரும் ஆதாரில் இன்னொரு பெயரும் இருந்தாலும் கோப்பு திரும்பும். வந்த பணத்தை வங்கி கடன் தவணைக்குப் பிடித்துக்கொண்டால், உடனே கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலைக் கலெக்டருக்கு அனுப்புங்கள். 2024 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு அப்படிப் பிடித்த தொகை, எதிர்ப்பு கிளம்பியதும் திருப்பித் தரப்பட்டது.

அப்படியும் நகராவிட்டால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "எனக்கு ஏன் பணம் தரவில்லை" என்று கேட்டால் பதில் வராது. "எங்கள் கிராமச் சேதக் கணக்கெடுப்புப் பட்டியலின் நகலும், இந்த எண்ணுள்ள மனு மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகலும் தருக" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.