காலியாகத் தெரிந்த இடம்: டிக் லெபோவின் ஸோன் பிளிட்ஸ்

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு கணக்குப் புதிர் உண்டு. பந்தை எறியப்போகும் குவாட்டர்பேக்கைக் காக்க 6 பேர் நிற்கிறார்கள். அவரைப் பிடிக்க எதிரணியிலிருந்து பாய்வது 5 பேர்தான். ஆளுக்கு ஒருவரைத் தடுத்தாலும் காவலில் ஒருவர் மிச்சமிருப்பார். ஆனாலும் பாய்ந்தவர்களில் ஒருவர், யார் கையும் படாமல் நேராக உள்ளே வந்து குவாட்டர்பேக்கைத் தரையில் சாய்த்துவிடுகிறார். இத்தனைக்கும் எதிரணியின் மீதி 6 பேர் பின்னால் நின்று, பந்து வரக்கூடிய இடங்களை எல்லாம் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வித்தைக்குப் பெயர் ஸோன் பிளிட்ஸ். இதை ஒரு முழு ஆட்டமுறையாக வளர்த்தெடுத்தவர் டிக் லெபோ. 14 ஆண்டுகள் தற்காப்பு வீரராக ஆடி, அப்புறம் 45 பருவங்கள் பயிற்சியாளராக இருந்தவர். 1959 முதல் 2017 வரை ஒரு பருவம்கூட இடைவெளி விடாமல் அமெரிக்கக் கால்பந்தின் தலையாய தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். போட்டிகளில் இருந்திருக்கிறார்.

லெபோ 1937இல் ஒஹாயோ மாநிலத்தில் லண்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். 1959இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்து, பருவம் தொடங்கும் முன்பே பயிற்சி முகாமிலிருந்து அனுப்பிவிட்டது. டெட்ராய்ட் லயன்ஸ் சேர்த்துக்கொண்டது. அங்கே கார்னர்பேக்காக, அதாவது பந்தைப் பிடிக்க ஓரமாக ஓடும் எதிரணி வீரரை மறித்துக் காப்பவராக, 1972 வரை ஆடினார். எதிரணி எறிந்த பந்தை 62 முறை இடைமறித்துப் பிடித்தார். தொடர்ந்து 171 ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

கார்னர்பேக்கின் வேலை தனிமையானது. முன்னால் மோதிக்கொள்ளும் பெரிய உடம்புக்காரர்களுக்குப் பக்கத்தில் துணை இருக்கிறது. கார்னர்பேக் திறந்த வெளியில், எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரியாத ஓட்டக்காரரை எதிர்த்துப் பின்பக்கமாக ஓட வேண்டும். அணி துணிச்சலாக ஒரு முடிவெடுத்து அது பொய்த்துப்போனால், பார்வையாளர்கள் கண்ணில் படுகிற முதல் ஆள் அவர்தான். லெபோ பின்னாளில் கண்டுபிடித்ததை அந்த 14 ஆண்டுகளோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன்.

சரி, பிளிட்ஸ் என்றால் என்ன? தற்காப்பு அணியில் 11 பேர். வழக்கமாக 4 பேர் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்வார்கள், 7 பேர் பின்னால் காப்பார்கள். பந்தைப் பிடிக்க ஓடுபவர்கள் அதிகபட்சம் 5 பேர்தான் என்பதால் 7 பேர் தாராளம். ஆனால் 4 பேரால் நெருக்கடி போதவில்லை என்றால்? லைன்பேக்கர்கள் எனப்படும் இரண்டாம் வரிசைக்காரர்களில் ஒருவரையோ இருவரையோ சேர்த்து அனுப்புவார்கள். அதுதான் பிளிட்ஸ். 6 பேர் பாய்ந்தால் பின்னால் 5 பேர், ஆளுக்கு ஒருவர் என்ற கணக்கு. ஒருவர் கால் இடறினாலும் உதவிக்கு ஆள் கிடையாது.

இதற்கு ஒரு மாற்று வழியையும் குவாட்டர்பேக்குகள் கற்று வைத்திருந்தார்கள். லைன்பேக்கர் பாய்ந்து வந்தால், அவர் நின்ற இடம் காலி. அந்த இடத்துக்குள் ஓடும் சக வீரருக்கு உடனே பந்தை எறிந்துவிட வேண்டும். யோசிக்கத் தேவையில்லை, ஆள் கிளம்பிய இடமே பதிலைச் சொல்லிவிடும். இந்தக் குறுகிய, வேகமான எறிதலை ஒரு கலையாகவே ஆக்கினார் பில் வால்ஷ். அவர் அதைச் செதுக்கத் தொடங்கியது சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தபோது. பிறகு சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய், குவாட்டர்பேக் ஜோ மொன்டானாவை வைத்து 1982 ஜனவரியில், லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை வென்றார். தோற்றது அதே சின்சினாட்டி. தோற்ற அணியின் பயிற்சியாளர்களில் ஒருவர் லெபோ.

1984இல் சின்சினாட்டியின் தற்காப்பு முழுவதும் லெபோவின் பொறுப்பில் வந்தது. 1980களின் நடுவில் அவர் பில் ஆர்ன்ஸ்பார்கரைத் தேடிப் போய்ப் பேசினார். ஆர்ன்ஸ்பார்கர் அப்போது லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர். அதற்கு முன், 1972இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத மயாமி டால்ஃபின்ஸ் அணியின் தற்காப்பை வடிவமைத்தவர். பாப் மாதேசன் என்ற வீரரைச் சில சமயம் பாயவிட்டு, சில சமயம் பின்வாங்க வைத்து எதிரணியைத் திணறடித்தவர். தான் தேடுவது பாதுகாப்பான நெருக்கடி என்று ஆர்ன்ஸ்பார்கர் சொன்னதை லெபோ பிடித்துக்கொண்டார். ஓரத்தில் தனியாக நின்று பழகிய கார்னர்பேக்குக்கு அந்த இரண்டு சொற்களின் அருமை நன்றாகவே புரிந்திருக்கும்.

லெபோ செய்தது இதுதான். வழக்கமான பிளிட்ஸைவிடப் பாய்பவர்களின் எண்ணிக்கையைக் கூட்டவில்லை. யார் பாய்வது என்பதை மாற்றினார். ஒரு பக்கத்திலிருந்து லைன்பேக்கர்களும் கார்னர்பேக் ஒருவரும் பாய்வார்கள். மறுபக்கத்தில், முன்வரிசையில் குனிந்து நிற்கும் 120, 130 கிலோ எடையுள்ள வீரர் முட்டுவதுபோல ஓரடி எடுத்து வைப்பார். அப்புறம் சட்டென்று பின்வாங்கி, ஆறேழு கெஜம் தள்ளிப் போய் நின்றுகொள்வார்.

ஆரம்பப் புதிர் இங்கே அவிழ்கிறது. பின்வாங்கிய அந்தப் பெரிய ஆளைத் தடுக்க வேண்டிய காவலருக்குத் திடீரென்று வேலை இல்லாமல் போகிறது. அதே கணத்தில், இரண்டு காவலர்கள் மட்டும் இருக்கும் மறுபக்கத்தில் மூவர் வந்து விழுகிறார்கள். வேலையற்று நிற்பவர் அங்கே ஓடிவந்து உதவ நேரமில்லை. மொத்தத்தில் 5க்கு 6 என்றாலும், மோதல் நடக்கும் அந்தச் சிறு இடத்தில் 3க்கு 2. மீதி 6 பேரில் மூவர் ஆழத்தில் நின்று நீண்ட எறிதல்களைக் காப்பார்கள். மூவர் நடுத்தூரத்தில் ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு நிற்பார்கள். ஆளைத் துரத்தாமல் இடத்தைக் காப்பதால்தான் பெயரில் ஸோன் என்ற சொல்.

இன்னொரு லாபமும் உண்டு. ஆளைத் துரத்தி ஓடுபவருக்குக் குவாட்டர்பேக் கண்ணில் படமாட்டார். அவர் பார்வை முழுக்கத் தன் ஆள் மேல்தான் இருக்கும். இடத்தைக் காப்பவரோ குவாட்டர்பேக்கின் கண்ணையும் தோளையும் பார்த்துக்கொண்டே நிற்கலாம். பந்து கையைவிட்டுக் கிளம்பும் முன்பே அடியெடுத்து வைக்கலாம்.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது குவாட்டர்பேக்கின் தலைக்குள் நடப்பதுதான். வேகமான எறிதலுக்கு அவர் கையில் இருப்பது சுமார் 2 நொடி. நம் கண் கூர்மையாகப் பார்ப்பது மிகச் சிறிய வட்டத்தை மட்டுமே. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால் அது எவ்வளவு அகலமோ, ஏறக்குறைய அவ்வளவுதான். மற்றதெல்லாம் மங்கல். அதனால் கண் நொடிக்கு மூன்று முறை அளவில் இடம் தாவித் தாவிப் பார்க்கிறது. தாவும் கணத்தில் மூளை காட்சியை ஏறக்குறைய அடைத்துவிடுகிறது. அப்படியானால் 2 நொடியில் ஆறு, ஏழு பார்வைகள்தான். களத்தில் இருப்பதோ எதிரணியின் 11 பேர்.

தேர்ந்த குவாட்டர்பேக் எப்படிச் சமாளிக்கிறார்? ஒவ்வொருவராகப் பார்க்காமல், மொத்தமாக ஒரு கோலமாகப் பார்க்கிறார். சதுரங்க ஆட்டக்காரர்களை வைத்து வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த காய் அமைப்பைச் சில நொடி பார்த்தாலே தேர்ந்தவர்கள் பெரும்பாலும் சரியாகத் திருப்பி அடுக்கிவிடுவார்கள். காய்களைக் கன்னாபின்னாவென்று வைத்தால் அவர்களுக்கும் புதியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது, அவர்கள் நினைவில் வைத்திருந்தது பழகிய உருவங்களை.

லெபோவின் முறை இந்தப் பழக்கத்தின் மேல்தான் கைவைக்கிறது. பந்து கிளம்பும் முன் தெரியும் கோலம் பழகியதுதான். அதன் அர்த்தம் மட்டும் வேறு. கிரிக்கெட்டில் மணிக்கட்டைப் பார்த்து லெக் பிரேக் என்று முடிவுகட்டிய மட்டையாளரைக் கூக்ளி ஏமாற்றுவதும் இப்படித்தான். ஆட்டம் தெரியாதவர் இதில் சிக்குவதைவிட, நன்றாகப் படித்துத் தயாரானவர் சிக்குவது எளிது. லைன்பேக்கர் பாய்கிறார், அந்த இடம் காலி, எறி என்று கை தானாகவே போகிறது. அங்கே அந்த 130 கிலோ ஆள் கையை உயர்த்தி நிற்கிறார். வேகமான ஓட்டக்காரரைத் துரத்திப் பிடிக்க அவரால் முடியாதுதான். பந்து வரும் வழியில் நின்றாலே போதும்.

ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த முறை தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உளவியலாளர் வில்லியம் ஹிக் 1952இல் காட்டியது: எத்தனை வாய்ப்புகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமோ, அதற்கேற்ப மறுவினை நேரம் கூடும். ஒரே விளக்கு, ஒரே பொத்தான் என்றால் சுமார் கால் நொடி போதும். வாய்ப்புகள் இரட்டிக்க இரட்டிக்க நேரம் படிப்படியாக ஏறும். 4 பேர்தான் பாய்வார்கள், அதுவும் இன்னார்தான் என்று தெரிந்த ஆட்டத்தில் முடிவு சுலபம். முன்னால் நிற்கும் ஏழெட்டுப் பேரில் யாரும் வரலாம், யாரும் பின்வாங்கலாம் என்றால், யாரும் பாயாத நேரத்திலும் குவாட்டர்பேக் கால் நொடி பிந்துவார். காவலைத் தாண்டி வருபவருக்கு அந்தக் கால் நொடி போதும்.

இது எப்போதும் வென்றதா என்றால், இல்லை. 1989 ஜனவரி சூப்பர் பௌலில், ஆட்டம் முடிய 34 நொடி இருக்கும்போது மொன்டானா எறிந்த பந்து சின்சினாட்டியை மறுபடி வீழ்த்தியது. 2000இலிருந்து 2002 வரை அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்த லெபோ 12 ஆட்டங்கள் வென்று 33 தோற்றார். முறைக்குள்ளும் ஓட்டை உண்டு. பின்வாங்கும் பெரிய ஆளை முன்கூட்டியே கண்டுகொண்டால், அவருக்கு எதிரே வேகமான ஓட்டக்காரரை விட்டுச் சுலபமாகத் தாண்டிவிடலாம். தற்காப்பு வீரர்களை அகலமாகப் பரவ வைத்தால் வேஷம் போடுவதும் கடினம்.

ஆனால் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் அவருக்கு ஏற்ற ஆட்கள் கிடைத்தார்கள். 2004இல் அங்கே இரண்டாம் முறையாகத் தற்காப்புப் பொறுப்பேற்றார். பாயவும் பின்வாங்கவும் தெரிந்த லைன்பேக்கர்கள் இருந்தார்கள். எங்கே நிற்கிறார், எங்கே போவார் என்று கணிக்கவே முடியாத பின்வரிசைக் காவலர் டிராய் போலமாலு இருந்தார். 2008 பருவத்தில் லீக்கிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த தற்காப்பு அதுதான்.

அந்தப் பருவத்தின் சூப்பர் பௌல் 2009 பிப்ரவரி 1 அன்று டாம்பாவில் நடந்தது. பிட்ஸ்பர்க் 10, அரிசோனா 7. முதல் பாதி முடிய 18 நொடி. அரிசோனா கோல் கோட்டை ஒட்டி நிற்கிறது. பிட்ஸ்பர்க்குக்கு வந்த உத்தரவு எல்லாரும் பாயும் பிளிட்ஸ். லைன்பேக்கர் ஜேம்ஸ் ஹாரிசனும் பாய வேண்டியவர்களில் ஒருவர். குவாட்டர்பேக் கர்ட் வார்னரும் அப்படித்தான் கணித்து, வேகமான குறுகிய எறிதலுக்குத் தயாரானார். ஹாரிசன் பாய்வதுபோல ஓரடி வைத்தார். பந்து சீக்கிரமே கைவிட்டுப் போகும் என்று ஊகித்து, தன் முடிவில் பின்வாங்கினார். அன்குவான் போல்டினுக்கு என்று எறிந்த பந்து நேராக ஹாரிசன் கையில் வந்து விழுந்தது. களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை 100 கெஜம் ஓடி, நேரம் முடிந்துபோன நிலையில் கோல் கோட்டுக்குள் விழுந்தார். ஸ்கோர் 17-7 ஆனது. ஆட்டத்தின் முடிவில் பிட்ஸ்பர்க் 27, அரிசோனா 23.

மறு ஆண்டு, 2010இல், ஆட்டத்தின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் லெபோ இடம்பெற்றார். ஆடி ஓய்ந்து 38 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தத் தேர்வு அவர் லயன்ஸ் அணியின் கார்னர்பேக்காக ஆடிய ஆட்டத்துக்காக. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, ஸ்டீலர்ஸ் வீரர்கள் அவருடைய பழைய 44ஆம் எண் லயன்ஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றிருந்தார்கள்.