பிரான்சுக்குத் தனியாக வந்த பிள்ளைகள்: 19 வயதுக்குள் எதை எப்போது செய்ய வேண்டும்?

2021 ஜனவரியில் பிரான்சின் பெசான்சோன் நகரத்தில் ஸ்தெஃபான் ராவாக்லே என்ற பேக்கரிக்காரர் உண்ணாவிரதம் இருந்தார். தன்னிடம் ரொட்டி சுடப் பழகிய கினியா நாட்டுப் பையனுக்காக. துணையில்லாமல் சிறுவனாக வந்து, அரசுப் பாதுகாப்பில் இருந்து தொழில் பழகியவன் அவன். 18 வயதானதும் அவனை நாட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். பிறப்புப் பத்திரங்களில் சந்தேகமாம். பேக்கரிக்காரர் பத்து நாள் அளவில் பட்டினி கிடந்த பிறகுதான் பையனுக்கு வதிவிட அட்டை கிடைத்தது.

எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஒரு முதலாளி வாய்க்காது. சட்டம் எதைத் தருகிறது, எந்த வயதில் தருகிறது என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருந்தால் பட்டினி கிடக்க வேண்டிய நிலை வராமலே தடுக்கலாம். பாரிசில் கடையோ உணவகமோ வைத்திருக்கும் நம்மவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

பெற்றோரோ பொறுப்பான பெரியவரோ இல்லாமல் வந்த 18 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளையையும் பாதுகாப்பது அந்தந்த மாவட்ட நிர்வாகத்தின் கடமை. பிள்ளையிடம் விசா இருக்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை. முதலில் ஐந்து நாள் தங்க இடம் கொடுத்து வயதை விசாரிப்பார்கள். இந்த நாட்களை நீட்டிக்கவும் முடியும். “நீ சிறுவன் இல்லை” என்று சொல்லிவிட்டால், பிள்ளை தானே நேராகச் சிறுவர் நீதிபதியிடம் மனுக் கொடுக்கலாம். எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது பார்ப்பதற்கு நீதித்துறையின் உத்தரவும் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். அந்த முடிவை மட்டும் வைத்து வயதைத் தீர்மானிக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் அதன் பலன் பிள்ளைக்கே. ஆனால் தீர்ப்பு வரும்வரை பல பிள்ளைகள் தெருவில் படுக்கிறார்கள். சட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை இதுதான்.

சரி, மாவட்டத்தின் சிறுவர் நலத்துறைப் பாதுகாப்பில் சேர்த்துவிட்டார்கள். இனி எல்லாம் எந்த வயதில் சேர்ந்தான் என்பதைப் பொறுத்தது. 15 வயதுக்கு முன் சேர்ந்து மூன்று ஆண்டு பாதுகாப்பில் இருந்த பிள்ளை, 18 ஆவதற்குள் விண்ணப்பித்தால் பிரெஞ்சுக் குடியுரிமையே பெறலாம். அந்தப் பிறந்தநாள் தாண்டினால் இந்த வழி அடைபட்டுவிடும். 16 வயதுக்குள் சேர்ந்தவருக்கு, படிப்பில் உண்மையான அக்கறை காட்டினால், ‘தனிப்பட்ட மற்றும் குடும்ப வாழ்க்கை’ என்ற ஓராண்டு அட்டை உண்டு. ஊரில் உள்ள குடும்பத்தோடு எவ்வளவு தொடர்பு, விடுதிக்காரர்கள் பிள்ளையைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதையும் பார்ப்பார்கள்.

16க்கும் 18க்கும் இடையில் சேர்ந்தவர்களுக்குத்தான் கஷ்டம். அவர்களுக்குத் தொழிலாளி அட்டை ‘விதிவிலக்காக’ மட்டுமே கிடைக்கும். விண்ணப்பிக்கும்போது குறைந்தது ஆறு மாதமாவது தொழிற்பயிற்சியில் இருந்திருக்க வேண்டும். தொழில் சாராத பொதுப் படிப்பு இந்தக் கணக்கில் வராது. விண்ணப்பிக்க 18 முடிந்து ஓராண்டுதான் அவகாசம். பதினேழரை வயதில் வந்து, மொழி பழகவே ஒரு வருடம் போக்கிய பிள்ளை என்ன செய்யும்? அதனால்தான் சீக்கிரம் தொழிலில் சேர்த்துவிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

தொழில் பழகுநர் ஒப்பந்தம் எழுதுவதற்கு முதலாளிகள் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை. நலத்துறைப் பாதுகாப்பில் இருக்கும் பிள்ளைக்கு, ஒப்பந்தத்தைக் காட்டினால் வேலை அனுமதி உரிமையாகவே கிடைக்கும். சில நாள் பயிற்சிப் பள்ளி, மற்ற நாள் கடை. 18 வயதுக்குக் கீழே முதல் ஆண்டு குறைந்தபட்ச ஊதியமான ஸ்மிக்கில் 27 சதவீதம், இரண்டாம் ஆண்டு 39 சதவீதம் கொடுக்க வேண்டும். 18 ஆனதும் இது முறையே 43, 51 என்று ஏறும்.

18 வயதோடு தங்குமிடமும் போய்விடுமா? போகக் கூடாது. வருமானமோ குடும்ப ஆதரவோ போதாத நிலையில், முன்பு பாதுகாப்பில் இருந்த இளைஞர்களை 21 வயது வரை கவனிக்க வேண்டும் என்று 2022 பிப்ரவரியில் வந்த சட்டம் சொல்கிறது. ஆனால் 2024 ஜனவரியில் வந்த குடியேற்றச் சட்டம், நாட்டை விட்டு வெளியேறும் உத்தரவு பெற்றவர்களை இதிலிருந்து விலக்கிவிட்டது. அட்டை மறுக்கப்பட்டு அந்த உத்தரவும் கூடவே வந்தால் தலைக்கு மேல் உள்ள கூரையும் போகும்.

ஆகவே பத்திரங்கள்தான் உயிர். 17 வயதுக்குள் நலத்துறை பிள்ளையை அழைத்து எதிர்காலம் பற்றிப் பேச வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தச் சந்திப்பைக் கேட்டு வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், தூதரகத்தில் எடுத்த கடவுச்சீட்டு, சம்பளச் சீட்டுகள், பயிற்சிப் பள்ளியின் வருகைப் பதிவு, ஆசிரியர் குறிப்பு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். கடவுச்சீட்டுக்குப் பல மாதம் இழுக்கும். உங்கள் கடையில் அப்படி ஒரு பிள்ளை வேலை பழகினால், இன்றைக்கே கேளுங்கள்: “தம்பி, பாஸ்போட்டுக்குப் போட்டாச்சா?”