தொப்பை அறுவைச் சிகிச்சைக்கு ஆளுக்கொரு கட்டணம் ஏன்?

மருத்துவமனைச் செலவைப் பற்றிப் பேசாத வீடு வேலூரில் அரிது. காட்பாடி சந்திப்பில் வந்திறங்கும் வெளிமாநில நோயாளிகள் கூட, ஸ்கேனுக்கு எவ்வளவு, அறைக்கு எவ்வளவு என்று ஓரிரு நாளில் கணக்குப் போடக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் 'டம்மி டக்' எனப்படும் வயிற்றுத் தோல் சீரமைப்புக்கும் தொலைபேசியிலேயே ஒரு தொகையைக் கேட்பவர்கள் உண்டு. வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் நேர்மையான மருத்துவர் எவராலும் அதற்கு விடை சொல்ல முடியாது. வெளியே ஒன்றுபோலத் தெரியும் இரண்டு தொப்பைகளுக்குள் வெவ்வேறு அடுக்குகள் பழுதாகியிருக்கலாம். எந்த அடுக்கில் எவ்வளவு வேலை என்பதுதான் கட்டணத்தின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது.

வயிற்றின் முன்சுவரில் தோல், அதன் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே தசை என்று அடுக்குகள் உள்ளன. நடுவில் மேலிருந்து கீழாக இறங்கும் இரண்டு தசைப்பட்டைகளை ஒரு வெண்ணிற நார்க்கோடு இணைக்கிறது. கர்ப்பகாலத்தில் இந்தக் கோடு அகன்று, பிரசவத்திற்குப் பிறகும் சிலருக்குப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அத்தகையவர் எடை குறைவாக இருந்தாலும் வயிறு முன்தள்ளியே நிற்கும். இதற்கு, தோலை அடிவயிற்றில் இடுப்பெலும்பு முதல் இடுப்பெலும்பு வரை கீறி, விலா எலும்புகள் வரை மேலே தூக்கி, விலகிய தசைகளை உறுதியான நூலால் நெருக்கித் தைக்க வேண்டும். தொப்புளை அதன் காம்போடு விட்டுவிட்டு, மிகுதித் தோலை வெட்டியெடுத்த பின் புதிய துளை வழியே வெளியே கொண்டுவர வேண்டும். பொதுவாக இரண்டு முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும் வேலை இது. தொப்புளுக்குக் கீழே மட்டும் சிறிது தோல் தொங்குபவருக்கு இதில் பாதி வேலையே இருக்கும். பெருமளவு எடை இழந்து முதுகுவரை தோல் தொய்ந்தவருக்கோ இடுப்பைச் சுற்றி முழுவட்டமாக வெட்ட வேண்டியிருக்கும். ஆபரேஷன் தியேட்டர் வாடகை, மயக்க மருத்துவரின் கட்டணம், உதவி மருத்துவர்களின் எண்ணிக்கை ஆகிய அனைத்தும் இந்த நேரத்தோடு சேர்ந்தே ஏறும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்வது மிக அவசியம். நம் ஊர் ஆண்கள் பலருக்கு இருக்கும் கெட்டியான தொப்பையில், கொழுப்பு தசைச் சுவருக்கு உள்ளே, குடலைச் சுற்றிச் சேர்ந்திருக்கிறது. தோலை வெட்டினாலும், குழாய் செலுத்தி உறிஞ்சும் லைப்போசக்ஷன் செய்தாலும் அந்தக் கொழுப்பை எட்ட முடியாது. படுக்க வைத்துப் பரிசோதித்தால் அநேகமாக விளங்கிவிடும்: மல்லாந்து படுத்த பிறகும் வயிறு உயர்ந்தே நின்று, விரலால் கிள்ளினால் மெல்லிய மடிப்பே கைக்கு வருமானால், அறுவைச் சிகிச்சைக்குச் செலவிடும் பணம் வீண்.

பாதுகாப்புக்கான செலவு ரத்த ஓட்டத்திலிருந்து பிறக்கிறது. தோலைத் தூக்கும்போது தசையைத் துளைத்து மேலே வரும் ரத்தக் குழாய்கள் பலவும் அறுபடுகின்றன. எஞ்சும் தோல், பக்கவாட்டிலிருந்து வரும் குழாய்களை நம்பியே பிழைக்க வேண்டும். வட ஆற்காட்டு ஏரிப் பாசனத்தில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேர்வதைப் போல, தைக்கப்படும் விளிம்பின் நடுப்பகுதிக்கு ரத்தம் கடைசியாகத்தான் வருகிறது. நிக்கோட்டின் குழாய்களைச் சுருக்குவதால் புகைப்பவருக்கு அந்த இடம் கறுத்து அழுகும் வாய்ப்பு அதிகம். ஆகவேதான் குறைந்தது நான்கு வாரமாவது புகைப்பதை நிறுத்தச் சொல்கிறார்கள். பித்தப்பைக்காக விலா எலும்பின் கீழே முன்பே வெட்டிய தழும்பு இருந்தால் அந்த வழி ஏற்கெனவே தடைப்பட்டிருக்கும். மருத்துவர் திட்டத்தையே மாற்ற நேரிடும்.

தசையை இறுக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, கால்களிலிருந்து திரும்பும் ரத்தம் மெதுவாகிறது. அங்கே உறைந்த கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. கெண்டைக்காலைச் சிறு இடைவெளிகளில் அமுக்கித் தளர்த்தும் கருவி, உறைவைத் தடுக்கும் ஊசி, தீவிர சிகிச்சை வசதி அருகிலுள்ள தியேட்டர் என்று மதிப்பீட்டுச் சீட்டில் ஏறும் வரிகள் இதற்காகத்தான். மலிவான தொகையைக் காணும்போது இவற்றில் எது விடுபட்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அறுவை செய்பவரின் கட்டணத்தையும் அப்படியே பார்க்கிறேன்: எம்.பி.பி.எஸ். முடித்து, மூன்றாண்டு எம்.எஸ்., அதன்மேல் மூன்றாண்டு எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரின் கைக்கு அந்த விலை தகும்.

1946இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திய காலத்திலிருந்தே சீரமைப்பு அறுவை இவ்வூருக்குப் பழக்கம். ஆனால் சீரமைப்பு, அழகு என்ற பிரிவு இன்று பணத்தில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு; அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு அது கிடையாது. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் ஆகியவற்றால் கெட்ட உறுப்பைச் சீர்செய்வது மட்டும் விதிவிலக்கு. 18 விழுக்காடு வரி என்றால், ஒரு லட்ச ரூபாய் கட்டணத்தின்மேல் 18,000 ரூபாய் கூடும். மருத்துவக் காப்பீட்டிலும் அழகுச் சிகிச்சை பொதுவான விலக்குகளில் ஒன்று. தொப்புளில் குடலிறக்கமும் இருந்தால் அது நோய். அதை முன்கூட்டியே ஸ்கேனில் உறுதிசெய்து, பில்லில் தனியாகப் பிரித்து எழுதினால், அந்தப் பகுதிக்காவது காப்பீடு கோர வழியுண்டு.

பில்லில் வராத செலவும் இருக்கிறது. ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்ணுக்கோ, குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்ணுக்கோ இரண்டு மூன்று வாரச் சம்பளம் போகும். ஏறத்தாழ ஆறு வாரம் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது என்பதால் வீட்டில் துணைக்கு ஆள் வேண்டும். வயிற்றைச் சுற்றி இறுக்கும் அமுக்குப் பட்டையைப் பல வாரம் அணிய வேண்டியிருப்பதால், துவைத்து மாற்ற இரண்டு தேவைப்படும். தோலுக்கடியில் ஊறும் நீரை வெளியேற்ற வைத்த ரப்பர் குமிழ்க் குழாயில் தினமும் எத்தனை மில்லி சேர்ந்தது என்று எழுதி வைக்க வேண்டும்; அளவு போதிய அளவு குறைந்த பிறகே அதை எடுப்பார்கள். எடுத்த பின்னும் நீர் சேர்ந்தால் ஊசியால் உறிஞ்ச மறுபடி மறுபடி வர நேரிடும். அந்த வருகைகளும், தழும்பைத் திருத்த வேண்டியிருந்தால் அதற்கான இரண்டாம் அறுவையும் முதலில் சொன்ன தொகையில் அடங்குமா என்பதை, அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.