லிபர்ட்டி: சுதந்திரமா, விடுதலையா, தன்னுரிமையா?

மொழிபெயர்க்கும்போது ஆங்கிலத்தில் லிபர்ட்டி என்று வந்தால் சுதந்திரம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குத் தமிழில் இன்னொரு வாழ்க்கையும் உண்டு. ஊர்க் கணக்கருக்கும் தலையாரிக்கும் அறுவடையில் களத்து மேட்டிலேயே அளந்து கொடுத்த நெல்லுக்கும் சுதந்திரம் என்றுதான் பெயர். தமிழ் வேதாகமத்தில் சாந்தகுணமுள்ளவர்கள் பூமியைச் 'சுதந்தரித்துக்கொள்வார்கள்' என்று வருமே, அங்கே அதற்குச் சொத்தாகப் பெறுவது என்று பொருள். சுதந்தரவாளி என்றால் வாரிசு. வடமொழி ஸ்வதந்த்ரம் தன் வசத்தில் இருப்பதைக் குறித்தது, நம்மிடம் வந்தபிறகு 'எனக்குச் சேரவேண்டிய பங்கு' என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. அந்த வாசனை இன்னும் முழுசாகப் போகவில்லை என்றே நினைக்கிறேன்.

லத்தீனில் மூலச்சொல் லிபர்ட்டாஸ். 'லீபர்' என்றால் அடிமையல்லாதவன். 'லீபெரி' என்று பன்மையில் சொன்னால் வீட்டுப் பிள்ளைகள், ஏனென்றால் அதே கூரையின் கீழ் அடிமைகளும் இருந்தார்கள். ரோமில் விடுதலை பெற்ற அடிமையின் அடையாளம் பிலியஸ் என்ற கம்பளித் தொப்பி. ரோமக் குடியரசில் தனியொருவராக அதிகாரத்தைக் கைப்பற்றிய சீசரைக் கி.மு. 44-ல் கொன்றபின், கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் வெளியிட்ட நாணயத்தில் இரண்டு குத்துவாள்களுக்கு நடுவே அந்தத் தொப்பிதான் இருக்கிறது. ஆக, ரோமானியனுக்கு லிபர்ட்டாஸ் என்பது இஷ்டப்படி நடப்பதல்ல, தலைக்கு மேல் எஜமான் இல்லாமல் இருப்பது. நல்ல எஜமான் வாய்த்து ஒருநாள்கூட அடி வாங்காத அடிமையும் அடிமைதான்.

இந்தப் பொருளுக்குத் தன்னுரிமை நெருங்கி வருகிறது. விடுதலை என்பது கட்டு அவிழும் அந்த நிகழ்ச்சி, சிறையிலிருந்து வருவது போல (பிறவியிலிருந்து விடுபடுவதற்குப் பழந்தமிழில் வீடு என்றே பெயர்). அவிழ்ந்தபிறகு நீடிக்கிற நிலைக்கு அது போதாது.

சரி, சீசர் போனதும் குடியரசு திரும்பியதா? இல்லை, கி.மு. 27-க்குள் முதல் பேரரசராக அகஸ்டஸ் வந்து உட்கார்ந்துவிட்டார். கத்தியால் எஜமானை அகற்றலாம், அடுத்த எஜமானைத் தேடுகிற மக்களை என்ன செய்வது? குடிமை அறம் (ஆங்கிலத்தில் 'சிவிக் வர்ச்சூ', பொதுவாழ்வில் குடிமக்களுக்கு வேண்டிய குணம்) என்ற பேச்சு இங்கேதான் நுழைகிறது. 1788 ஜூனில், அமெரிக்க அரசியல் சட்டத்தை ஏற்பதா என்று விவாதித்த வர்ஜீனியா மாநாட்டில், அந்தச் சட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மாடிசன் இதையே சொன்னார்: மக்களிடம் அறம் இல்லையென்றால் எந்த ஆட்சிமுறையும் தன்னுரிமையைக் காப்பாற்றும் என்று நம்புவது வெறும் கற்பனை. 'வர்ச்சூ'வின் வேர் 'விர்', அதாவது ஆண். நம் ஆண்மை மாதிரிதான். வள்ளுவரும் பிறன்மனை நோக்காத அடக்கத்தைப் 'பேராண்மை' என்கிறார்.

குடிமை அறம் சாதுவாக இருக்கிற குணம் இல்லை, பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். வாக்குக்குக் காசு வாங்காமல் இருப்பதும் கிராமசபையில் எழுந்து கணக்குக் கேட்பதும் இதில் சேரும், தலைவர் சொன்னார் என்று வாய்மூடிக் கிடப்பது சேராது. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் உங்கள் தன்னுரிமையை அவர் காலடியில் வைக்காதீர்கள் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லின் எச்சரிக்கையை எடுத்துச் சொல்லி, அரசியலில் பக்தி சர்வாதிகாரத்தில்தான் கொண்டுபோய் விடும் என்றார். அதனால்தான் 'சிவிக் வர்ச்சூ'வை நல்லொழுக்கம் என்று மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூட நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி ஆகிவிடுகிறது. குடிமை அறம் என்றே எழுதலாம்.