வணிக வயர்லெஸ் செட் ஹாம் வானொலியாக மாறுவது எப்படி?

அமெரிக்காவில் 150 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 421 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் இயங்கிவந்த காவல்துறை, தீயணைப்பு, டாக்சி, சரக்கு நிறுவன வயர்லெஸ் செட்டுகள் 2013 ஜனவரி 1-க்குள் 25 கிலோஹெர்ட்ஸ் அகலத் தடத்திலிருந்து 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத் தடத்துக்கு மாறிவிட வேண்டும் என்று அந்நாட்டின் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் கெடு விதித்திருந்தது. மாற முடியாத செட்டுகள், பழுது எதுவும் இல்லாவிட்டாலும், கழிக்கப்பட்டன. ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்களுக்கு இத்தகைய வரவு புதிதன்று. 1960-களில் வணிக வானொலிகளின் அதிர்வெண் விலக்கம் (பேசும் குரலுக்கேற்ப அதிர்வெண் விலகும் அளவு) 15 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டபோதும் பழைய செட்டுகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. அமெரிக்க ஹாம்களிடையே எஃப்.எம். ரிப்பீட்டர்கள், அதாவது ஒரு அதிர்வெண்ணில் பெற்ற குரலை அதே நேரத்தில் வேறொன்றில் திரும்ப அனுப்பும் நிலையங்கள், பரவியதற்கு அவை ஒரு முக்கியக் காரணம்.

அங்கு ஹாம்களுக்கான 2 மீட்டர் அலைவரிசை 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரை நீள்கிறது. வணிக அலைவரிசை அதற்குச் சற்று மேலே தொடங்குகிறது. இடைவெளி சிறியதுதான். ஆயினும், வணிக செட் என்பது சில குறிப்பிட்ட தடங்களில் மட்டும் ஆண்டுக்கணக்கில் தவறாமல் இயங்குவதற்காகச் செதுக்கப்பட்ட கருவி. அந்தக் குறுகிய நோக்கமே அதனை மாற்றுவதைக் கடினமாக்குகிறது; மாற்றும் உழைப்புக்குத் தகுதியுள்ளதாக ஆக்குவதும் அதுவே.

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் மாஸ்டர் 2 போன்ற பழைய தலைமுறை செட்டுகளில் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது குவார்ட்ஸ் கிரிஸ்டல். ஒவ்வொரு தடத்துக்கும் அனுப்புவதற்கு ஒன்று, பெறுவதற்கு ஒன்று என இரண்டு கிரிஸ்டல்கள் தேவைப்படும். 145.5 மெகாஹெர்ட்ஸில் நேரடியாக அதிரும் கிரிஸ்டலை வெட்டுவது எளிதல்ல என்பதால், 12.125 மெகாஹெர்ட்ஸில் அதிரும் ஒன்றை எடுத்து, அடுத்தடுத்த சுற்றுகளில் அதன் அதிர்வெண்ணை 12 மடங்காகப் பெருக்குவது ஒரு பரவலான முறை. ஏற்பியில், அதாவது பெறும் பகுதியில், கணக்கு வேறு. வரும் அலையை உள்ளே உருவாக்கிய அலையோடு கலந்து, இரண்டின் வித்தியாசமான இடைநிலை அதிர்வெண்ணுக்கு இறக்கியே அது கேட்கிறது. இடைநிலை அதிர்வெண் 10.7 மெகாஹெர்ட்ஸ் என்றால், உள்ளே உருவாக்க வேண்டியது 134.8 மெகாஹெர்ட்ஸ், மூன்று மடங்கு பெருக்கம் உள்ள செட்டில் கிரிஸ்டல் ஏறத்தாழ 44.933 மெகாஹெர்ட்ஸில் அதிர வேண்டும்.

கிரிஸ்டலை மட்டும் மாற்றினால் செட் உயிர்பெறும். ஆனால் பாதிச் செவிடாகவே இருக்கும். ஏனெனில், ஏற்பியின் முகப்பில் உள்ள வடிகட்டிகள் இன்னும் பழைய தடத்தையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். உலோக அறைக்குள் செம்புக் கம்பிச் சுருளை நிறுத்தி அமைக்கப்படும் ஹெலிகல் ரெசனேட்டர்கள் வரிசையாக நின்று, தமக்குரிய சில மெகாஹெர்ட்ஸ் அகலத்தை மட்டும் உள்ளே விட்டு, மற்றவற்றைத் தடுத்து நிறுத்துகின்றன. மேற்சொன்ன கணக்கில் 145.5 மெகாஹெர்ட்ஸைக் கேட்கும் அதே ஏற்பி, வடிகட்டி இல்லாவிட்டால், 134.8-க்கு மறுபக்கம் 10.7 தள்ளியுள்ள 124.1 மெகாஹெர்ட்ஸையும் சமமாகக் கேட்கும். அது விமானிகள் பேசும் அலைவரிசைக்குள் விழுகிறது. கடையில் வாங்கும் ஹாம் கைக்கருவிகள் பலவும் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை அனைத்தையும் கேட்கும் வகையில் முகப்பை அகலத் திறந்து வைத்திருப்பதால், 152 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்கிய பேஜர் நிலையங்களுக்கு அருகில் சென்றாலே திணறிப்போயின. வணிக செட் அத்தகைய இடத்தில் அசையாமல் வேலை செய்ததற்கு இந்த வடிகட்டிகளே காரணம்.

வடிகட்டியை நகர்த்துவது எளிய இயற்பியல்தான். சுருளின் தூண்டலும் அதனுடன் சேர்ந்த மின்தேக்கமும் பெருகப் பெருக, அவற்றின் பெருக்குத்தொகையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் ஒத்ததிர்வு இறங்குகிறது. 155 மெகாஹெர்ட்ஸுக்கு அமைந்த சுற்றை 146-க்கு இறக்க, அந்தப் பெருக்குத்தொகை ஏறத்தாழ 13 விழுக்காடு கூட வேண்டும். ரெசனேட்டரின் திருகை இன்னும் உள்ளே முடுக்கினால் மின்தேக்கம் கூடி இது பல நேரங்களில் கிடைத்துவிடும். திருகு முடிவுக்கு வந்த பிறகும் போதவில்லையெனில், சிறிய மின்தேக்கிகளை இணையாகப் பற்றவைக்க வேண்டியதுதான். இதனால்தான் மாஸ்டர் 2 தேடுபவர்கள் 150.8 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் வகையைத் தவிர்த்து, 138-இல் தொடங்கும் வகையை விரும்பினர்.

அனுப்பும் பகுதியில் கவனக்குறைவுக்கு விலை அதிகம். பெருக்கிச் சுற்றுகள் சரியாக டியூன் செய்யப்படாவிட்டால், 12 மடங்குடன் 11, 13 மடங்குகளும் கசிந்து வெளியேறும். 12.125-இன் 11 மடங்கு 133.375 மெகாஹெர்ட்ஸ், விமான அலைவரிசை; 13 மடங்கு 157.625, வணிக அலைவரிசை. எனவே, ஆன்டெனாவை இணைக்கும் முன் டம்மி லோடில் (ஆற்றலை வெளியே பரப்பாமல் வெப்பமாக்கும் மின்தடையில்) இயக்கி, எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் வெளிவருகிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பார்ப்பதைத் தவிர்க்கக் கூடாது. ஆற்றல் காட்டும் மீட்டர் மட்டும் போதாது. அது நல்ல வாட்டையும் கெட்ட வாட்டையும் சேர்த்தே காட்டும்.

மோட்டோரோலாவின் மேக்ஸ்டிராக், ஜி.எம். 300 போன்ற பிந்தைய செட்டுகளில் தடத்துக்கொரு கிரிஸ்டல் இல்லை. ஒரே 14.4 மெகாஹெர்ட்ஸ் ஆதார அதிர்வை 2880 ஆல் வகுத்தால் 5 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். மின்னழுத்தத்தால் கட்டுப்படும் அலையியற்றியின் அதிர்வை 29,100 ஆல் வகுத்து இதனோடு ஒப்பிட்டு, இரண்டும் இணங்கும் வரை மின்னழுத்தத்தைத் திருத்திக்கொண்டே இருந்தால், அலையியற்றி 145.5 மெகாஹெர்ட்ஸில் பூட்டப்படுகிறது. இங்கு மாற்றம் என்பது நினைவகத்தில் வேறு எண்ணை எழுதுவது. ஆனால் நிறுவனத்தின் நிரலாக்க மென்பொருள் தன் எல்லைக்கு வெளியே உள்ள எண்ணை ஏற்க மறுக்கும். பழைய டாஸ் கணினியையும், கணினியின் மின்னழுத்தத்தைச் செட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இடைப்பெட்டியையும் தேடிப்பிடித்து, மென்பொருள் கோப்பின் பைட்டுகளையே திருத்தி ஹாம்கள் இந்தத் தடையைக் கடந்தனர். அதன் பின்னும் அலையியற்றியால் அவ்வளவு கீழே இறங்க முடியாவிட்டால் பூட்டு விழாது. செட் ஒலியெழுப்பி அனுப்ப மறுக்கும். அப்போது மீண்டும் திருகாணிக்கும் வோல்ட்மீட்டருக்கும் திரும்ப வேண்டும்.

2013-க்குப் பிந்தைய, குறுகிய தடம் மட்டுமே கொண்ட செட்டுகளில் வேறொரு சிக்கல். 5 கிலோஹெர்ட்ஸ் விலக்கமுள்ள ஹாம் குரலுக்கு ஏறத்தாழ 16 கிலோஹெர்ட்ஸ் அகலம் தேவை, 2.5 கிலோஹெர்ட்ஸ் விலக்கத்துக்கு 11 போதும். அந்த அளவுக்கு அமைந்த வடிகட்டி வழியாக அகலமான குரல் நுழையும்போது ஓரங்கள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும்.

சட்டம் இதில் ஒருவழிப் பாதை. அமெச்சூர் உரிமம் உள்ளவர் வணிக செட்டைத் தன் அலைவரிசையில் பயன்படுத்த அமெரிக்க விதிகள் அனுமதிக்கின்றன. வணிகச் சேவைக்கான சான்று பெறாத ஹாம் செட்டைத் திருத்தி டாக்சி தடத்தில் பேச அனுமதியில்லை.

மாற்றிய செட்டுகளுக்குக் கிடைக்கும் பெரிய பணி ரிப்பீட்டர்தான். மாஸ்டர் 2-இல் அனுப்பும் சுற்றும் பெறும் சுற்றும் தனித்தனியே இருப்பதால், 2 மீட்டரில் வழக்கமான 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்கலாம். ஆனால் வாகனத்துக்கான ஆற்றல் பெருக்கி, ஓட்டுநர் சில விநாடிகள் பேசிவிட்டு நிறுத்துவார் என்ற கணக்கில் வெப்பத் தகடு பெற்றது. ஹாம்களோ நிறுத்துவதில்லை. ஆகவே அனுபவசாலிகள் அதன் ஆற்றலைப் பாதியளவுக்குக் குறைத்து, மேலே ஒரு மின்விசிறியையும் பொருத்திய பிறகே அதனைக் கோபுரத்தடி அறையில் வைக்கிறார்கள்.