வழிகாட்டி ஏன் கல்லறைக்குள் வரவில்லை?

எகிப்தின் லக்சருக்கு ஒருநாள் சுற்றுலா போய்வந்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "விடியற்காலையிலேயே நைல் நதியின் மேற்குக் கரைக்குக் கூட்டிப் போனார்கள். மன்னர்களின் பள்ளத்தாக்கில் வழிகாட்டி ஒவ்வொரு கல்லறை வாசலிலும் வெயிலில் நின்று, படங்களைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு எங்களை மட்டும் உள்ளே அனுப்பினார். மதியம் கர்னாக் கோயிலிலோ தூணுக்குத் தூண் நின்று பேசினார். கல்லறைக்குள் பேசினால் என்ன? சாபம், அது இது என்று ஏதாவது நம்பிக்கையா?"

நம்பிக்கை இல்லை, விதி. கல்லறைக்குள் விளக்கம் சொல்ல வழிகாட்டிகளுக்கு அனுமதி கிடையாது. அவர் பேச ஆரம்பித்தால் கூட்டம் அங்கேயே நிற்கும். நிற்கிற கூட்டம் மூச்சு விடும், வியர்க்கும். பூமிக்கடியில் ஒரே வாசல் உள்ள அறையில் அந்த ஈரம் எங்கே போகும்?

கல்லறையைத் திறந்தவர்களைச் சாபம் கொல்லும் என்ற கதையை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். எகிப்திய மன்னர் துட்டன்காமனின் கல்லறைத் தோண்டலுக்குப் பணம் கொடுத்த கார்னர்வன் பிரபு 1923-இல் கொசுக்கடிப் புண்ணில் கிருமி தொற்றி இறந்தார். கல்லறையைத் திறந்த ஹோவர்டு கார்ட்டரோ 1939 வரை வாழ்ந்தார். இந்தக் கதைக்கு நூறாண்டாகச் செலவான அச்சு மையில் கொஞ்சமாவது உப்புக்குச் செலவாகியிருக்கலாம் என்பது என் ஆதங்கம். அந்தச் சுவர்களை உண்மையில் அழிப்பது உப்புதான்.

பக்கத்திலேயே இருக்கிற அரசிகளின் பள்ளத்தாக்கில் இரண்டாம் ராம்செஸின் பட்டத்தரசி நெஃபர்தாரியின் கல்லறை இருக்கிறது. இத்தாலியரான எர்னெஸ்தோ ஸ்கியாபரெல்லி 1904-இல் கண்டுபிடித்தது. கருநீலக் கூரையில் மஞ்சள் நட்சத்திரங்கள். மெல்லிய வெள்ளை உடையில் அரசி உட்கார்ந்து செனெட் என்ற பலகை விளையாட்டு ஆடுகிறாள். அங்கே பாறை விரிசல் விழுந்தது, தரம் குறைந்தது. அதனால் களிமண்ணும் வைக்கோலும் கலந்த சாந்தைக் கனமாக அப்பி, மேலே ஜிப்சம் காரை பூசி, அதில் உருவங்களைச் செதுக்கி வண்ணம் தீட்டினார்கள். அந்தப் பாறை சுண்ணாம்புக்கல், சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது; உப்பு அதற்குள்ளேயே இருந்தது. ஈரச் சாந்தைப் பூசிய அன்றே அந்த உப்புக்கு முதல் தண்ணீர் கிடைத்துவிட்டது.

பிறகு நடந்தது நம் வீட்டுச் சமையலறையில் நடப்பதுதான். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசியும். காற்றின் சார்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருக்கும் நீரை இழுத்துத் தானே கரையும். அதற்குக் கீழே இறங்கினால் நீரை விட்டுவிட்டு மறுபடி படிகமாகும். வேறு உப்புகள் கலந்திருந்தால் அந்த எல்லை இன்னும் கீழே வரும்.

அந்தப் படிகம் எங்கே உருவாகிறது என்பதில்தான் சுவரின் தலைவிதி இருக்கிறது. மெதுவாகக் காய்ந்தால் உப்புநீர் காரையின் நுண்துளைகள் வழியே மேற்பரப்பு வரை வந்து வற்றும். எங்கள் கொல்லைப்புறச் சுவரில் பூத்த உப்பை நகத்தால் சுரண்டி லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன். பூனைமீசை போல நீண்ட வெள்ளை இழைகள். ஊதினால் போய்விடும், சுவருக்குப் பெரிய சேதமில்லை. வேகமாகக் காய்ந்தால், நீர் மேலே வந்து சேருமுன் உள்ளேயே வற்றிவிடும். படிகம் ஓவியத்துக்குப் பின்னால் வளரும்.

பின்னால் வளர்ந்தால் என்ன, துளை நிரம்பியதும் சுவரில் முட்டி நின்றுவிட வேண்டியதுதானே? பல வருஷம் எனக்கு இது விளங்கவில்லை. விளங்கிய நாளில் இருந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை. விஷயம் இதுதான்: படிகம் சுவரை முட்டுவதே இல்லை! இரண்டுக்கும் நடுவே சில நானோமீட்டர் தடிமனில் ஒரு நீர்ப்படலம் எப்போதும் தங்கிவிடுகிறது. படிகப் பரப்பும் கல் பரப்பும் மிக அருகே வந்தால் ஒன்றையொன்று தள்ளுகின்றன; அந்தத் தள்ளுவிசைதான் படலத்தைப் பிதுங்கவிடாமல் காக்கிறது. அந்த இடுக்கு வழியே உப்பின் கூறுகளான சோடியம், குளோரைடு அயனிகள் பக்கவாட்டில் ஊர்ந்து வந்து படிகத்தின் முகத்தில் ஒவ்வொன்றாக ஒட்டுகின்றன. படிகம் ஓர் அடுக்கு தடிக்கிறது, படலம் அப்படியே இருக்கிறது, ஆகவே சுவர்தான் விலக வேண்டும். அந்தப் படலம் மட்டும் பிதுங்கி வெளியேறியிருந்தால் அயனிகளுக்கு வழி அடைபட்டு அந்த முகத்தில் வளர்ச்சி அதோடு நின்றிருக்கும். பாறையை நகர்த்தும் வேலையைப் படிகத்தைச் செய்ய வைப்பது சில மூலக்கூறு தடிமன் தண்ணீர்தான்.

எவ்வளவு விசை? கரைசலில் உப்பு, கரையக்கூடிய அளவைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக இருந்தாலே, ஏட்டுக் கணக்கில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தின் நூறு மடங்கை ஒட்டி வரும். மண் காரை அதில் ஒரு சிறு பங்கைக்கூடத் தாங்காது. நெஃபர்தாரியின் சுவரில் பாறைக்கும் காரைக்கும் நடுவே உப்பு அடுக்கடுக்காக வளர்ந்து, ஓவியத்தோடு காரையைப் பெயர்த்துத் தள்ளியிருந்தது.

எகிப்தியத் தொல்பொருள் துறையும் அமெரிக்காவின் கெட்டி (Getty) பாதுகாப்பு நிறுவனமும் 1986 முதல் 1992 வரை அங்கே வேலை செய்தன. முதல் வேலை, விழப்போகிற துண்டுகளை ஜப்பானிய முசுக்கட்டை நார்க் காகிதப் பட்டைகளால் ஒட்டிப் பிடித்து நிறுத்துவது. உதிர்ந்துபோன இடங்களில் புதிதாக ஓவியம் எதுவும் தீட்டவில்லை. இந்த அடக்கத்துக்காகவே அவர்களைக் கும்பிடலாம். 1995-இல் திறந்தபோது நாளுக்கு 150 பேர், ஆளுக்கு 15 நிமிடம் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். வெதுவெதுப்பான அறையில் நிற்பவர் மணிக்குச் சுமார் 50 முதல் 100 கிராம் நீராவி வெளியிடுவார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த அளவான கூட்டமே ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து நான்கு லிட்டர் தண்ணீரை உள்ளே விட்டுவிட்டு வருகிறது.

கர்னாக்கில் வழிகாட்டி தாராளமாகப் பேசலாம், திறந்தவெளி. ஆனால் உப்பு அங்கேயும் விடவில்லை. நைலின் குறுக்கே கட்டிய அஸ்வான் உயர் அணைக்குப் பிறகு வருஷம் முழுக்கப் பாசனம் நடந்து நிலத்தடி நீர் உயர்ந்தது. தூண்களின் அடிப்பகுதி அந்த உவர்நீரை உறிஞ்சிப் பொரிந்தது. நிலத்தடி நீரை இறக்க வாய்க்கால் வெட்ட வேண்டியதாயிற்று.

புதிய கல்லறை கிடைத்தால் கேமராக்கள் ஓடி வருகின்றன, பணமும் வருகிறது. ஈரமானியைச் சுவரோரம் வைத்துப் பத்து வருஷம் அளவு குறித்துக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பணம் எளிதில் வருவதில்லை. இது அநியாயம். துட்டன்காமன் கல்லறையின் அச்சு அசலான நகல் ஒன்றைக் கார்ட்டர் வசித்த வீட்டருகே 2014-இல் திறந்தார்கள். நகல்தானே என்று ஒதுக்காதீர்கள். அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம், எந்தச் சுவருக்கும் வலிக்காது.

அசலைத்தான் பார்ப்பேன் என்றால், அது திறந்திருந்தால், குளிர்காலத்தில் போங்கள். நெஃபர்தாரியின் கல்லறைக்குள் வெப்பம் ஆண்டு முழுவதும் 29 டிகிரியை ஒட்டியே இருக்கும். கோடையில் வெளிக்காற்று அதைவிடச் சூடு, அதனால் லேசு. கனமான உள்காற்று கிணற்றுத் தண்ணீர் போல அடியிலேயே தேங்கிவிடும், நம் மூச்சின் ஈரமும் அதோடு கிடக்கும். குளிர்காலத்தில் இது தலைகீழ். குளிர்ந்த, உலர்ந்த வெளிக்காற்று படிக்கட்டின் தரையோரமாக உள்ளே வழிகிறது. ஈரமான வெதுவெதுப்பான காற்று கூரையோரமாக மேலேறி வெளியே போகிறது. அந்தப் படிக்கட்டில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கணுக்காலில் குளிர்காற்று உள்ளே இறங்கும், நெற்றியில் வெதுவெதுப்பு வெளியே நகரும்.